தலைவர் இல்லாத ஊராட்சிகள்

கோவை மாவட்டம் அன்னூர் பேரூராட்சிக்கு 2022-இல் தேர்தல் நடந்தது. எல்லை தாண்டினால் வரும் ஊராட்சிகளின் நிலை வேறு. 2019 டிசம்பரில் அங்கே தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. அதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243இ பிரிவு. தமிழக அரசோ ஊராட்சிச் சட்டத்தைத் திருத்தித் தனி அலுவலர்களை அமர்த்தியது. மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் காயில் கருகினால், முன்பு காலிக் குடத்தோடு தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இப்போது தனி அலுவலரைப் பார்க்க ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அத்திக்கடவு–அவினாசித் திட்டத் தண்ணீர் வரும் குளங்களின் கரையைக் காக்க ஊர் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. மத்திய நிதிக்குழு மானியமும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளுக்கே உரியது. பட்ஜெட்டில் கோடிகளை ஒதுக்குவதற்கு முன், தேர்தல் தேதியை அறிவியுங்கள்.