பிரஷர் அளவு ஊருக்கு அல்ல, உரியவருக்கு!

தூத்துக்குடியில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுத்து, எடையும் பிரஷரும் பார்த்து எழுதும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்.

தெரேஸ்புரத்திலிருந்தும் உப்பளப் பக்கமிருந்தும் வருகிற பெண்கள், வெயிலில் பஸ் இறங்கி வேர்க்க விறுவிறுக்க வந்து, நின்றபடியே கையை நீட்டுவார்கள். "சீக்கிரம் பாரு பிள்ள, உலை வைக்கணும்" என்பார்கள். அப்படிப் பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடமாவது முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி உட்கார வேண்டும். கை, நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும். பார்க்கும்போது பேசக் கூடாது. அதற்கு முந்தின அரை மணி நேரத்தில் காபி, டீ, புகையிலை ஆகாது. சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது. இரண்டு தடவை பார்ப்பது நல்லது. தப்பான அளவை நம்பி மாத்திரை விழுங்கப் போவது நாம்தானே!

இன்னொரு விஷயம். சில இடங்களில் "இந்தம்மாவுக்கு 170!" என்று ஹாலுக்கே கேட்கும்படி சொல்கிறார்கள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணின் அளவு பக்கத்து வீட்டு மைனி காதில் விழுந்தால் என்ன ஆகும்? சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆனால் அதே பெண், "எனக்கு எவ்வளவுக்கா இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டால், "அதெல்லாம் டாக்டர் சொல்வார்" என்று பதில் வரும். ஊருக்குச் சொன்னதை உரியவளுக்குச் சொல்லாதது என்ன நியாயம்?

"சொன்னால் பயந்துவிடுவார்கள்" என்பார்கள் சிலர். பயம் ஒரு நாளில் போய்விடும். அளவு தெரியாதவர்களோ, "தலையே சுத்தல, எனக்கென்ன?" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே இதயம், மூளை, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் வருட விதிமுறைகளே சொல்கின்றன. ஆகவே கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

பால் கணக்குக்கு நோட்டு வைத்திருக்கிறோம், மளிகைக்கு வைத்திருக்கிறோம். நம் உடம்புக்கும் ஒரு சின்ன நோட்டு போடுவோம். தேதி, நேரம், மேல் அளவு, கீழ் அளவு, மாத்திரையின் பெயர், அவ்வளவுதான். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்தாலும் அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் அது உதவும்.

என்னைப் போல் வரவேற்பு மேஜையில் இருக்கும் சகோதரிகளே! அளவை வாயால் சொல்லாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவரவர் கையில் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் அரை நிமிடமும்தான்!

- ஒரு வாசகி, தூத்துக்குடி.