டியெஸ்டோ சரி... 'தமிழா'வைச் சரியாகச் சொல்கிறோமா?

வேலப்பன்சாவடிக்கு வழி கேட்டு மேப்பை ஆன் செய்தால், அந்தக் குரல் ஊர்ப் பெயரை நாலு துண்டாக உடைத்துப் போடும். கேட்டுச் சிரிப்போம். அடுத்த நிமிடமே ஹெட்போனை மாட்டிக்கொண்டு நெதர்லாந்து டிஜே ஒருவரின் பாட்டைப் போட்டுவிட்டு, அவர் பெயரை 'டீஸ்டோ' என்போம். அது மட்டும் சரியா என்ன?

அவர் பெயர் 'டியெஸ்டோ'. 1969ல் பிரெடா நகரில் பிறந்தவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இசைத்தவர். இயற்பெயர் டெய்ஸ் ஃபெர்வெஸ்ட். சின்ன வயது செல்லப் பெயரிலிருந்து வந்ததுதான் இந்த மேடைப் பெயர். அதில் 'இ' எழுத்தின் மேல் இரண்டு புள்ளிகள் இருக்கும். அழகுக்கு வைத்ததல்ல. டச்சு மொழியில் 'ஐ', 'இ' என்ற இரு எழுத்துகளும் சேர்ந்து வந்தால் 'ஈ' என்றுதான் படிப்பார்கள். இரண்டையும் பிரித்துப் படி என்று சொல்லவே அந்தப் புள்ளிகள். புள்ளி போனால் பெயரும் போச்சு.

நம்ம ஊரிலும் இப்படி ஒரு பெயர் உண்டு: ஹிப்ஹாப் தமிழா. கோவையிலிருந்து வந்த ஆதி, ஜீவா இணையின் மேடைப் பெயர். 2015ல் 'ஆம்பள' படத்தின் மூலம் சினிமா இசையமைப்பாளர்களாக அறிமுகமானார்கள். இதில் 'தமிழா' என்பது மொழியின் பெயர் அல்ல, ஆளைக் கூப்பிடுவது. நண்பன் 'நண்பா' ஆவதுபோல, தமிழன் 'தமிழா' ஆகிறான். இலக்கணத்தில் இதற்கு விளி என்று பெயர். கடைசி 'ஆ'வைக் குறுக்கினால் கூப்பிடுவதே காணாமல் போய்விடும்.

பெரிய சிக்கல் நடுவில் இருக்கும் 'ழ'. நாக்கை உள்ளே வளைக்க வேண்டும், ஆனால் மேலண்ணத்தில் ஒட்டக் கூடாது. ஆங்கிலத்தில் இதற்குத் தனி எழுத்து இல்லாததால் 'இசட்', 'எச்' சேர்த்து எழுதுகிறோம். நமக்குப் புரிகிறது. வெளியூர்க்காரர் 'தமிஸா' என்கிறார். சீனப் பெயர்களில் அதே இரண்டு எழுத்துகள் கிட்டத்தட்ட 'ஜ' ஆக ஒலிக்கும். அவர் மேல் தப்பில்லை. ஆனால் 'தமிளா' என்று சொல்லும் நம்மாட்களுக்கு என்ன சாக்கு?

எழுத்தை மாற்றினால் உச்சரிப்பு சரியாகிவிடுமா? தமிழக அரசு 2020 ஜூனில் முயன்று பார்த்தது. 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. கோயம்புத்தூருக்குக் கூடுதல் எழுத்துகள் சேர்ந்ததும் சமூக வலைதளங்களில் கிண்டல் பறந்தது. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அப்போது தமிழ் வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்தவர், ஆவடியின் எம்எல்ஏ மாஃபா பாண்டியராஜன். நோக்கம் நல்லதுதான். ஆனால் 26 எழுத்துகளுக்குள் நம் ஒலி முழுசாக அடங்காது. காதால் கேட்டுத்தான் வாய்க்கு வர வேண்டும்.

இது வெறும் பாட்டு விஷயம் இல்லை. ஆபீஸ் மீட்டிங்கில் யாழினியும் எழிலும் தினமும் சந்திப்பது இதைத்தான். நாலு முறை திருத்திவிட்டு, ஐந்தாவது முறை 'எப்படி வேணா கூப்பிடுங்க' என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பெயர் தோற்கிறது.

விட வேண்டாம். கால் ஆரம்பிக்கும்போதே ஒருமுறை நிறுத்திச் சொல்லிக்கொடுங்கள். 10 விநாடிக்குள் சொந்தக் குரலில் பெயரைப் பதிவு செய்யும் வசதியை லிங்க்டுஇன் 2020லேயே கொண்டுவந்தது. அப்படி வசதி இருக்கும் இடத்தில் பயன்படுத்துங்கள். அடுத்தவர் பெயர் வாய்க்கு வரவில்லையா? 'எப்படிச் சொல்லணும்?' என்று கேட்டுவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. டியெஸ்டோவின் இரண்டு புள்ளிக்குத் தரும் மரியாதையை, பக்கத்து சீட்டில் இருப்பவரின் 'ழ'வுக்கும் தரலாமே!