தேதி முடிந்தது, கணினி முடியவில்லை

பாலிக் புலாவ் கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் சென்ற வாரம் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அப்பாவும் படிவம் நான்கில் படிக்கும் அவர் மகளும் நின்றிருந்தார்கள். மேசைமேல் ஒரு மடிக்கணினி. அக்காள் பாலிடெக்னிக்கில் படிப்பதற்காக 2016இல் வாங்கியது. இப்போது தங்கையின் கைக்கு வந்திருக்கிறது. திரையில் கீறல் இல்லை. விசைகள் எல்லாம் வேலை செய்கின்றன. ஆனால், திறந்தவுடன் ஓர் அறிவிப்பு வந்து நிற்கிறது: விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது.

கடைக்காரர் சற்று நேரம் பார்த்துவிட்டு, இது விண்டோஸ் 11க்குப் போகாது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். இரண்டாயிரம் வெள்ளிக்குக் கிட்ட ஆகும் என்றும் சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பினார். "ஓடிக்கிட்டு இருக்கிற சாமான எதுக்கு சார் தூக்கிப் போடணும்?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. இதே கேள்வி இன்று எத்தனையோ வீடுகளில் கேட்கப்படுகிறது. அந்த வீடுகளில் படிக்கிற பிள்ளைகள் நீங்கள். ஆகவே, அன்று சொல்ல முடியாமல் போன பதிலை இன்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்னவென்று பார்ப்போம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015 ஜூலை 29இல் விண்டோஸ் 10ஐ வெளியிட்டது. பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2025 அக்டோபர் 14இல், அதற்கான ஆதரவை நிறுத்தியது. ஆதரவு என்றால் என்ன? எந்த மென்பொருளிலும் ஓட்டைகள் இருக்கும். அவை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்படும்போது நிறுவனம் அவற்றை அடைத்து, மாதந்தோறும் இணையம் வழியாக நமக்கு அனுப்பும். அந்த அடைப்பு வேலை நின்றுவிட்டது. அவ்வளவுதான். அக்டோபர் 15ஆம் தேதி காலையிலும் அந்த மடிக்கணினி முந்தின நாள் போலவே திறந்தது, கட்டுரை எழுதியது, படம் காட்டியது.

அப்படியென்றால் பேசாமல் இருந்துவிடலாமா? கூடாது. 2017 மே மாதத்தில் 'வான்னாகிரை' என்ற தீநிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் நிரலை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில் வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள்தாம் பெரும்பாலும் மாட்டிக்கொண்டன. அடைப்பு இருந்தும் போடாதவர்களுக்கே அந்தக் கதி என்றால், இனி அடைப்பே வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் நச்சுநிரல் தடுப்புக்கு 2028 அக்டோபர் வரை புதிய தகவல்கள் வரும் என்பது உண்மை. ஆனால், சுவர் இடிந்த வீட்டுக்கு வாசலில் காவலாளி நின்று என்ன பயன்?

சரி, விண்டோஸ் 11க்கு ஏன் போக முடியவில்லை? அதற்கு 'டிபிஎம் 2.0' என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; கடவுச்சொற்களையும் மறையாக்கத் திறவுகோல்களையும் காப்பது அதன் வேலை. அதோடு, நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் உள்ள செயலியும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 2017இன் பிற்பகுதியில் வந்த எட்டாம் தலைமுறை முதல்தான். பாதுகாப்பைக் கூட்டுவதற்கான ஏற்பாடு இது என்ற விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? இப்படி மாற முடியாத கணினிகள் உலகில் ஏறத்தாழ 24 கோடி இருக்கும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023இல் கணித்தது. அதே ஆண்டு ஜனவரி இறுதிவரை மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் விண்டோஸ் 10 உரிமத்தை விற்றுக்கொண்டிருந்தது. அன்று காசு கொடுத்து வாங்கியவருக்கு மூன்று ஆண்டுகூட முழுதாகக் கிடைக்கவில்லை.

இதை நான் எழுதும் இடத்தையும் நினைத்துப் பாருங்கள். பாலிக் புலாவ் தீவின் பின்புறம். மலையைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கினால் பாயான் லெப்பாஸ். 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கேதான் அமைத்தது. நெல் வயல்கள் இருந்த இடம் மின்னியல் தொழிற்பேட்டை ஆயிற்று. பாலிக் புலாவிலிருந்தும் தீவின் மற்ற இடங்களிலிருந்தும் நம் அம்மாக்களும் அத்தைகளும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, இரவு வேலை பார்த்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சில்லுகளைச் சோதித்தார்கள். ஒரு சில்லு உருவாக எவ்வளவு உழைப்பு, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பது பினாங்குக்காரர்களுக்குத் தெரியாத கதை அல்ல. ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கரிம வெளியேற்றத்தில் பெரும்பகுதி அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே நடந்துவிடுகிறது. ஆகவே, இருப்பதை இன்னும் நான்கு ஆண்டு ஓட்டுவது, பெரும்பாலும் புதிதாக ஒன்று வாங்குவதைவிட உலகத்துக்கு நல்லது.

தூக்கிப் போட்டால் எங்கே போகும்? ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு சேர்ந்தது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் உள்ளது 22.3 விழுக்காடுதான். மற்றவை குப்பைமேட்டுக்கும், செம்புக்காகக் கம்பியை எரிக்கிற கொல்லைப்புறங்களுக்கும் போகின்றன. மலேசியாவில் மின்கழிவு 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 'எஸ்டபிள்யூ 110' என்ற குறியீட்டில் அபாயக் கழிவாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. வெளிநாட்டு மின்கழிவு நம் துறைமுகத்தில் பிடிபட்டால் கோபப்படுகிறோம். நியாயம்தான். ஆனால், நம் வீட்டுக் கணினியை நெகிழிப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடும்போது அந்தக் கோபம் எங்கே போகிறது?

இந்தச் சிக்கல் நமக்குத்தான் முதலில் வந்தது என்று நினைக்க வேண்டாம். 2014 ஏப்ரல் 8இல் விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்தது. அதற்குச் சற்று முன் தமிழ்நாடு அரசு தன் துறைகளை 'பாஸ் லினக்ஸ்' என்ற இயங்குதளத்துக்கு மாறும்படி அறிவுறுத்தியது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் அது. உரிமக் கட்டணம் கிடையாது. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் சேர்ந்தே வந்தது. பக்கத்துக் கேரளம் இன்னும் முன்னே சென்றது. அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. ஒரு நிறுவனம் தேதி குறித்தால், அந்தத் தேதிக்குள் புதுக் கணினி வாங்குவது ஒன்றே வழி என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நாம் கற்க வேண்டியது அதுதான்.

அந்த அப்பாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய வழிகள் நான்கு.

முதல் வழி, கடைக்காரர் சொன்னதை நீங்களே ஒருமுறை சரிபார்ப்பது. மைக்ரோசாஃப்ட் தரும் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலி, உங்கள் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியானதா என்று சொல்லிவிடும். சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினாலே போதும், காசு செலவில்லை.

இரண்டாவது, ஓராண்டு அவகாசம் வாங்குவது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு நிரல்களை மட்டும் தொடர்ந்து தரும் திட்டம் ஒன்று உண்டு. கட்டணம் 30 அமெரிக்க டாலர். ஆனால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினி அமைப்புகளை அந்நிறுவனத்தின் மேகச் சேமிப்பில் காப்பெடுக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. அடுத்த ஆண்டு எஸ்பிஎம் எழுதப்போகிற மாணவருக்கு இந்த அவகாசம் பெரிய உதவி. இதைத் தெரியாமல் அவசரப்பட்டுக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாவது, இயங்குதளத்தையே மாற்றுவது. லினக்ஸ் மின்ட் போன்றவை 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியிலும் ஓடும். விரலியில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் மட்டும் நிறுவலாம். நிறுவும் முன் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால் வேகம் நன்றாகவே கூடும். உலாவியில் நடக்கும் டெலிமா, கூகுள் வகுப்பறை எல்லாம் அங்கேயும் நடக்கும். லிப்ரே ஆஃபிஸ் தமிழ் இடைமுகத்தோடு கிடைக்கிறது. தமிழ்99 விசைப்பலகையிலும் தட்டச்சு செய்யலாம். கணினியில் தமிழ் வரட்டும் என்று பெரிய நிறுவனங்களுக்காகக் காத்திராமல் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கிய நாடு இது. புதிய இயங்குதளம் ஒன்றைக் கற்க நாம் தயங்க வேண்டியதில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோகேட், ஃபோட்டோஷாப் போன்றவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸை உலாவி வழியாகத்தான் பயன்படுத்த வேண்டும். பொறியியலோ வடிவமைப்போ படிக்கிறவர்கள் விரிவுரையாளரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எல்லாருக்கும் இதுவே மருந்து என்று நான் சொல்லமாட்டேன்.

நான்காவது, உண்மையிலேயே பயன் முடிந்துவிட்டதென்றால் முறையாக வழியனுப்புவது. கோப்புகளை அழித்தேன் என்பது போதாது. வன்தட்டை முழுமையாகத் துடைக்க வேண்டும். அடையாள அட்டை நகலும் வங்கி விவரமும் அதில்தான் இருக்கும். மின்கலம் உப்பியிருந்தால் அதை மீண்டும் மின்னேற்ற வேண்டாம். நீங்களே கழற்றவும் வேண்டாம். சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள்.

இவ்வளவும் ஒரு குடும்பம் தானே செய்யக்கூடியது. ஆனால், பாரம் முழுவதையும் குடும்பத்தின் தலையில் வைப்பது நியாயமில்லை. பால் டின்னில்கூடக் காலாவதித் தேதி அச்சடித்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் கணினிப் பெட்டியின் மேல் எந்த ஆண்டுவரை பாதுகாப்பு நிரல் வரும் என்று ஏன் அச்சடிக்கக் கூடாது? ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் திறன்பேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் ஒரு விதி கொண்டுவந்திருக்கிறது. அந்த மாதிரியின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்தாண்டுக்கு இயங்குதளப் புதுப்பிப்பு தர வேண்டும் என்கிறது அது. அப்படி ஒரு விதி இங்கே கணினிக்கும் வேண்டும். பயனீட்டாளர் இயக்கம் ஆழமாக வேரூன்றிய பினாங்கிலிருந்து அந்தக் குரல் எழுவதே பொருத்தம்.

அதுவரை நம்மால் முடிந்த ஒன்று இருக்கிறது. பாலிக் புலாவிலேயே ஒரு பாலிடெக்னிக் இருக்கிறது; தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆண்டிறுதி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, ஒரு மண்டபம், பத்து விரலிகள், நான்கைந்து அண்ணன்மார், அக்காமார் போதும். வட்டாரத்துப் பிள்ளைகள் தங்கள் பழைய கணினிகளைக் கொண்டுவரட்டும். எது விண்டோஸ் 11க்குப் போகும், எதற்கு ஓராண்டு அவகாசம் வாங்கலாம், எதில் லினக்ஸ் போடலாம், எதை மறுசுழற்சிக்கு அனுப்பலாம் என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம். பாடப் புத்தகத்தில் இல்லாத பாடம் அது. செய்கிறவருக்கும் அனுபவம், கொண்டுவருகிறவருக்கு இரண்டாயிரம் வெள்ளி மிச்சம்.

எங்கள் ஊரில் வயதான டுரியான் மரத்தை அதன் வயதைக் காட்டி யாரும் வெட்டுவதில்லை. காய்க்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அந்த அப்பா அன்று புதுக் கணினி வாங்கவில்லை. பழையதைப் பையில் போட்டுக்கொண்டு மகளோடு வெளியே போனார். அவரை மறுபடி பார்த்தால் சொல்வதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது: தூக்கிப் போட வேண்டாம் ஐயா. ஆனால், அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். சனிக்கிழமை மகளோடு கொண்டுவாருங்கள், பார்ப்போம்.