ஜீவ புஸ்தகமும் கட்-ஆஃப் தேதியும்

தமிழ் அறிபுனைவில் மனிதர்கள் செவ்வாய்க்குப் போகிறார்கள், எதிர்காலத்திலிருந்து வந்து இறங்குகிறார்கள், இயந்திர நாயோடு பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் போவதில்லை. பாதிரியார் என்று ஒருவர் தப்பித்தவறி வந்தாலும் அறிவியலுக்குக் குறுக்கே நிற்பதற்கே வருகிறார். மும்பையில் செம்பூரிலிருந்து அணுசக்தி நகருக்குப் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். சட்டைக்குள் சிலுவையோ ஜெபமாலையோ போட்டுக்கொண்டு டிராம்பே அணு ஆராய்ச்சி வளாகத்தில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் ஜெபக் கூட்டத்துக்குப் போகிற தமிழர்கள் அதில் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டும் ஒரே நாளின் காரியங்கள். நம் எழுத்தாளர்களுக்கு மட்டும் இரண்டும் ஒரே கதைக்குள் அடங்குவதில்லை. ஏன்?

மரபில் இல்லை என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் சிறைவாசம் கண்ட ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட யாத்திரிகன் கதையில், நாசத்துக்குக் குறிக்கப்பட்ட ஊரிலிருந்து ஒருவன் முதுகில் சுமையோடு ஓடுகிறான். வழியில் ஆளை விழுங்கும் சேறு, செதிலும் சிறகும் கொண்ட அரக்கன், கோட்டைக்குள் அடைத்துவைக்கும் ராட்சசன், எல்லாவற்றையும் விற்கும் சந்தை, கடைசியில் பாலமில்லாத ஆறு. ஞானார்த்தத்தை ஒதுக்கிவிட்டுப் படித்தாலும் அசல் சாகசக் கதை. கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை அதை எடுத்து விருத்தத்தில் காவியமாக்கினார். அதுதான் 1894இல் நூலாக வந்த இரட்சணிய யாத்திரிகம். அவருக்குக் 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பட்டம் கொடுத்து, மாலை போட்டு, ஓரமாக உட்காரவைத்துவிட்டோம். அவருடைய துணிச்சலை யாரும் பேசுவதில்லை. வேற்று நாட்டான் கண்ட கற்பனை உலகத்தை, தான் விட்டுவந்த மதத்தின் காவிய நடையில், தான் ஏற்றுக்கொண்ட விசுவாசத்துக்காகக் கட்டி எழுப்பினார் மனிதர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்கள் அவருடைய கீர்த்தனைகளைக் கொண்டுவந்தார்கள். அவருடைய சாகசம் ஊரிலேயே தங்கிவிட்டது.

ஆனால் எதிர்காலக் கதை சொல்கிறவர்கள் தாராவியில் இல்லாமல் இல்லை. அவர்கள் கையில் இருப்பது மைக். தொண்ணூறடி சாலையை ஒட்டிய சந்துகளில், கீழே தையல் மெஷின் ஓட, மேல்மாடி அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடக்கும் கூட்டங்களில், கிறிஸ்து திடீரென்று வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகையைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டுப் பாருங்கள். லோக்கல் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டார்மேன் காணாமல் போவார். அடுப்பில் குழம்பு கொதிக்கும், கிளறிக்கொண்டிருந்த அம்மா இருக்கமாட்டாள். அப்புறம் அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி. நெற்றியிலோ வலது கையிலோ முத்திரை இல்லாதவன் ஒரு கிலோ அரிசி வாங்க முடியாது. அந்த முத்திரை ஒரு காலத்தில் பார்கோடாக இருந்தது, பிறகு ஆதார் ஆனது, இப்போது தோலுக்கடியில் வைக்கிற சிப். புதுத் தொழில்நுட்பம் எது வந்தாலும் அதை வெளிப்படுத்தின விசேஷம் பதின்மூன்றாம் அதிகாரத்தோடு முடிச்சுப் போட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கதையாக்கிவிடும் இந்த வேகம் எந்தத் தமிழ் அறிபுனைவு எழுத்தாளருக்கு வாய்த்திருக்கிறது? அமெரிக்காவில் இதே விஷயத்தை டிம் லஹேயும் ஜெரி ஜென்கின்ஸும் 1995 முதல் 16 நாவல்களாக எழுதிக் கோடிக்கணக்கில் விற்றார்கள்.

இந்தப் பிரசங்கத்தைக் கேலி செய்வது சுலபம். விரல்ரேகை பதியவில்லை என்று ரேஷன் கடையில் திருப்பி அனுப்பப்பட்டவரிடம் போய் அந்தக் கேலியைச் சொல்லிப் பார்க்கட்டும். முத்திரை இல்லாதவனுக்கு அரிசி இல்லை என்பது அவருக்குக் கற்பனை இல்லை. நம் புகார் வேறு. பிரசங்கத்தில் கதை போய்ச் சேரும் இடம் முன்பே முடிவாகியிருக்கிறது: பயந்தாயா, முன்னே வா, முழங்கால் போடு. வீட்டில் மிஞ்சிப்போன மகன் அந்தக் குழம்பை என்ன செய்தான்? அதே போல மிஞ்சிப்போன தங்கைக்குப் போட்டுக் கொடுத்தானா? முத்திரை குத்திக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா தன் பங்கு அரிசியில் ஒரு படியை அவனுக்குத் திருட்டுத்தனமாகக் கொடுத்தால், அவளுக்கு மீட்பு உண்டா இல்லையா? பிரசங்கியார் இங்கே வாயைத் திறக்கமாட்டார். கதைக்காரன் வாயைத் திறக்கவேண்டிய இடமே இதுதான்.

திறந்தவர்கள் உண்டு. ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் சாகும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். தன் இறுதி நிகழ்ச்சியில் மதச் சடங்கு எதுவும் கூடாது என்று எழுதிவைத்தவர். 1955இல் வந்த அவருடைய 'நட்சத்திரம்' கதையைச் சொல்வது ஒரு சேசுசபைத் துறவி, விண்கலத்தின் தலைமை வானியற்பியலாளர். ஒரு சூரியன் வெடித்து, ஓர் அழகான நாகரிகம் சாம்பலாகியிருக்கிறது. அது வெடித்த காலத்தை அவர் கணக்குப் போடுகிறார். ஞானிகளைப் பெத்லகேமுக்கு வழிநடத்திய வெளிச்சம் அதுதான். கிளார்க் அந்தத் துறவியை முட்டாளாக்கவில்லை; கணக்குத் தெரிந்ததுதான் அவருக்கு வினையாகிறது. கடவுளை நம்பாத ஒருவர், நம்புகிறவனின் வலியை இத்தனை மரியாதையோடு எழுத முடிந்திருக்கிறது.

வால்டர் மில்லர் எதிர்க்கரையிலிருந்து வந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் மோன்டே கசினோ மடாலயத்தைத் தகர்த்த குண்டுவீச்சில் பங்கெடுத்தவர், போருக்குப் பின் கத்தோலிக்கரானவர். 1959இல் வந்த அவருடைய லெய்போவிட்ஸ் நாவலில், அணுப் போர் முடிந்ததும் படித்தவர்களைக் கும்பல் வேட்டையாடுகிறது. பாலைவன மடத்துத் துறவிகள் மிச்சமிருக்கும் காகிதங்களைப் பொருள் புரியாமலே படியெடுத்துக் காக்கிறார்கள். அதில் ஒருவர் ஒரு மின்சுற்று வரைபடத்தைப் பொன் தீட்டி, கொடிகள் வரைந்து, அலங்காரப் படியாக்கப் 15 வருஷம் செலவழிக்கிறார். வழிப்பறிக்காரன் அந்த மினுமினுப்பைப் பார்த்து அதுதான் அசல் என்று பிடுங்கிக்கொள்கிறான். மங்கிப்போன அசல் துறவியிடமே தங்கிவிடுகிறது. நாவலின் முடிவில், அப்படிப் பொத்திக் காத்த அறிவே மறுபடியும் குண்டாகத் திரும்புகிறது. துறவிகளின் உழைப்பை மில்லர் ஒரு வரியில்கூட ஏளனம் செய்வதில்லை. அதன் பலனை மறைப்பதுமில்லை. அப்சரா அணு உலை 1956இல் ஓடத் தொடங்கிய டிராம்பேக்குப் பக்கத்தில் குடியிருக்கிற நமக்கு, இந்த நாவலை யாரோ எவருடைய கதையோ என்று தள்ளிவிட முடியுமா?

வேற்றுக்கிரகம் போகும் பாதிரிமார் கதையும் அப்படித்தான். மேரி டோரியா ரஸ்ஸலின் 1996ஆம் வருஷத்து நாவலில் சேசுசபையார் தூரத்துக் கிரகத்திலிருந்து வந்த பாட்டைக் கேட்டுவிட்டு நல்லெண்ணத்தோடு புறப்படுகிறார்கள். அந்த நல்லெண்ணமே நாசத்தில் முடிகிறது. தமிழ் வாசகன் இதை மறுபக்கத்திலிருந்து படிக்க முடியும். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து, மொழி தெரியாமல் மனப்பாடம் செய்த தமிழ் ஜெபங்களோடு மணியடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனபோது, அந்த வேற்றுக்கிரகம் நாம்தான். அவர் வருமுன்பே பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை வேண்டி ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். பேரமாகத் தொடங்கியது பேரமாகவே நிற்கவில்லை. 1578இல் கொல்லத்தில் அன்றீக்கே அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறியபோது, அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் அதே பரதவர்கள். அந்நியன் கொண்டுவந்த இயந்திரத்துக்குக் கைக்காசு போட்டுத் தங்கள் மொழியை அதில் ஏற்றினார்கள். யார் யாரை மாற்றினார்கள்? இந்தக் கேள்வியை வைத்து ஒரு முழு நாவல் எழுதலாம். நமக்குத் தெரிந்து இன்னும் யாரும் கை வைக்கவில்லை.

மற்ற சமயங்களுக்கு அறிபுனைவின் கதவு திறந்தேதான் இருக்கிறது. சுனாபட்டியில் இருக்கும் மராத்தி விஞ்ஞான பரிஷத்தின் 1974ஆம் வருஷக் கதைப் போட்டிக்கு, டாடா ஆராய்ச்சி நிறுவனத்து ஜயந்த் நார்லிகர் புனைபெயரில், மனைவியின் கையெழுத்தில் கதை அனுப்பிப் பரிசு வாங்கினார். பூமிமேல் மோதவரும் வால்நட்சத்திரத்தைப் பற்றிய அவர் கதையில், விஞ்ஞானிகள் அதைத் திசைதிருப்பத் திட்டம் போட, அதைக் கண்டுபிடித்தவரின் மனைவி வீட்டில் யாகத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். சுஜாதாவின் 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில், எதிர்காலத்திலிருந்து வந்த ஒருவனால் ஓய்வுபெற்ற சீனிவாசன் முதலில் பைத்தியமாகவும் பிறகு தெய்வப்பிறவியாகவும் ஆகிறார். ஜெயமோகனின் 'பனிமனிதன்' சிறுவர்களைப் பௌத்தத்தின் வழியாக இமயத்துக்குக் கூட்டிப்போகிறது. கிறிஸ்தவத்துக்கு மட்டும் கதவு ஏன் அடைபட்டது? உள்ளே இருப்பவர் சபை என்ன சொல்லுமோ என்று பயந்து சாட்சி எழுதுகிறார். வெளியே இருப்பவர் மதமாற்றம், சாதி என்ற இரண்டு தலைப்புகளுக்கு வெளியே கிறிஸ்தவனைப் பார்த்ததே இல்லை. அந்த இரண்டும் முக்கியம்தான். ஆனால் நட்சத்திரங்களைப் பற்றி யோசிக்கவும் அவனுக்கு உரிமை உண்டு.

வாழ்க்கை இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் ஏவ இடம் தேடிய விக்ரம் சாராபாய், மகதலேனா மரியாள் கோயிலைக் கேட்டு ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவிடம் போனார். மீனவ மக்கள் சம்மதித்து, கோயிலையும் வீடுகளையும் விட்டு நகர்ந்தார்கள். கோயில் கட்டடம் விண்வெளி அலுவலகமானது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் மேலே போனது. ராக்கெட்டின் கதையைக் கலாம் எழுதினார். இடம்பெயர்ந்த வீட்டுப் பாட்டி அன்றிரவு என்ன ஜெபித்தாள் என்பதை யாரும் எழுதவில்லை.

இப்போது தாராவியின் முறை. 2022 நவம்பரில் மறுசீரமைப்பு ஏலம் அதானி குழுமத்துக்குப் போனது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. வீடுகளுக்கு எண் போட்டார்கள், சந்துகளை அளந்தார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததற்குக் காகிதம் வைத்திருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதற்குப் பின் வந்தவருக்கும் மேல்மாடிக்காரருக்கும் தாராவிக்கு வெளியே, விலைக்கோ வாடகைக்கோ. பைபிளின் கடைசி அதிகாரங்கள் தெரிந்தவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அங்கே ஜீவ புஸ்தகம் திறக்கப்படுகிறது, அதில் பெயர் இல்லாதவன் அக்கினிக் கடலில் தள்ளப்படுகிறான். பிறகு ஒரு புது நகரம் இறங்குகிறது, தேவதூதன் பொற்கோலால் அதை அளக்கிறான். ஆனால் அந்த நகரத்தின் வாசல்கள் அடைக்கப்படுவதே இல்லை. கட்-ஆஃப் தேதி கேட்கிற நகரத்துக்கும் வாசலைச் சாத்தாத நகரத்துக்கும் நடுவே, 2001இல் ரயிலேறி வந்து மேல்மாடி அறையில் ஜெபிக்கிற ஒருத்தி நிற்கிறாள். அவளை வைத்து எழுதப்படும் கதைக்கு விண்கலம்கூடத் தேவையில்லை.

மாட்டுங்கா, செம்பூர், தாராவி எழுத்தாளர்களிடம் இந்தக் கதைகளைத்தான் கேட்கிறோம். எழுதுகிறவர் விசுவாசியா இல்லையா என்று பார்க்கப்போவதில்லை. கிளார்க்கும் மில்லரும் அந்த வித்தியாசத்தை அர்த்தமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். இரண்டு வகைக் கதைகளை மட்டும் திருப்பி அனுப்புவோம். கடைசிப் பக்கத்தில் வேற்றுக்கிரகவாசிகள் வரிசையில் நின்று ஞானஸ்நானம் பெறும் கதை ஒன்று. கடவுள் ஒரு பெரிய கம்ப்யூட்டர் என்று கடைசிப் பக்கத்தில் தெரியவரும் கதை இன்னொன்று. இரண்டும் விடையை வைத்துக்கொண்டு கேள்வி தயாரித்தவை. சபை மூப்பரும் பகுத்தறிவு நண்பரும் ஒரே கதையின்மேல் கோபப்பட்டு ஒரே வாரத்தில் நமக்குக் கடிதம் எழுதினால், அந்த இதழுக்குப் போட்ட காசு வீண்போகவில்லை என்று எடுத்துக்கொள்வோம்.