ராஸ் மிகாயிலை 'முர்தத்' என்று எழுதுவோருக்கு

அபிசீனியா என்றதும் எம்மவர் பேனா நஜ்ஜாஷி மன்னரின் அரசவையோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னர் அம்மண்ணின் முஸ்லிம்கள் பட்ட பாட்டை எழுத எவருக்கும் அக்கறையில்லை. எப்போதாவது ராஸ் மிகாயிலின் பெயர் வந்தால், 'முர்தத்' என்ற ஒற்றைச் சொல்லோடு காரியம் முடிந்துவிடுகிறது. இதனை நான் மறுக்கிறேன்.

வொல்லோவை ஆண்ட இமாம்களின் பரம்பரையில் 1850இல் பிறந்த முஹம்மது அலிதான் அவர். 1878இல் பொரு மேதாவில் கூடிய சபையைத் தொடர்ந்து பேரரசர் நான்காம் யோஹன்னஸ் சட்டம் விதித்தார். முஸ்லிம் அதிகாரிகள் ஞானஸ்நானம் பெறவேண்டும். அன்றேல் பதவி துறக்கவேண்டும். குடிமக்களுக்குச் சில ஆண்டுகள் தவணை. முஹம்மது அலி, மிகாயில் ஆனார். ஞானத்தந்தையாக நின்றவரும் அதே யோஹன்னஸ்தான்!

'பதவியை வீசிவிட்டுப் போயிருக்கலாமே' என்பார்கள். போயிருக்கலாம். ஷெய்க் தல்ஹா பணியாது ஆயுதமேந்தினார். அவ்வெழுச்சியின்போது மிகாயில் பேரரசரின் பக்கமே நின்றார் என்பதையும் நான் மூடி மறைக்கவில்லை. அவரை இரகசிய முஸ்லிமாக்கிக் கண்ணீர் வடிக்கும் கதைகளிலும் எனக்கு உடன்பாடில்லை. தேவாலயங்கள் கட்டியவர் அவர். உள்ளத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால், சட்டம் விதித்தவனை விட்டுவிட்டுக் குனிந்தவனை மட்டும் கூண்டிலேற்றுவது என்ன நியாயம்? மிகாயிலைத் தூற்றும் எழுத்துக்களில் யோஹன்னஸின் பெயரைத் தேடவேண்டியிருக்கிறது.

இன்னொரு முரண்பாடு. ஏகாதிபத்திய எதிர்ப்பு என்று வந்துவிட்டால் இதே பேனாக்கள் 1896இன் அத்வா வெற்றியைக் கொண்டாடுகின்றன. அன்று இத்தாலியத் தளபதி டபோர்மிடாவின் படையணியைக் குறுகிய பள்ளத்தாக்கொன்றில் மடக்கி அழித்தது மிகாயிலின் ஒரோமோ குதிரைப்படை. டபோர்மிடாவும் அங்கேயே மாண்டார். வெற்றி வேண்டும், வென்றவர் மட்டும் வேண்டாமா?

ஞானஸ்நானம் அவரைக் காப்பாற்றியதா என்றும் பாருங்கள். பேரரசர் மெனெலிக்கின் மகளை மணந்தார். அம்மணத்தில் பிறந்த இயாசு, 1913இல் மெனெலிக் இறந்தபின் அரசுக்கு வந்தார். மறு ஆண்டு மிகாயில் வொல்லோவின் மன்னராக முடிசூட்டப்பட்டார். ஆனால் 1916 செப்டெம்பரில் இயாசுவை அகற்றினார்கள். சுமத்திய குற்றம், அவர் இஸ்லாத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்பது. தகப்பன் மதம் மாறி முப்பத்தெட்டு ஆண்டுகளின் பின்னர்!

மகனுக்காகப் படை திரட்டி வந்த மிகாயில் அவ்வாண்டு ஒக்டோபரில் செகாலேயில் தோற்றார். சங்கிலியிட்டு அடிஸ் அபாபாவில் ஊர்வலமாகக் கொண்டுசென்றார்கள். 1918இல் கைதியாகவே இறந்தார்.