பெயர் மாறட்டும், ஏழை மாணவனுக்குக் கதவு மூடக் கூடாது

பெங்களூர் நகரப் பல்கலைக்கழகத்துக்கு முன்னாள் பிரதமர் டாக்டர் மன்மோகன் சிங்கின் பெயர் சூட்டப்படும் என்று முதல்-மந்திரி சித்தராமையா 2025-ம் ஆண்டு மார்ச் மாத பட்ஜெட்டில் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் நந்தி மலையில் கூடிய மந்திரிசபை இதற்கு ஒப்புதல் அளித்தது. பெயரைப் பற்றி எழுந்த பேச்சு, அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தைப் பற்றி எழவில்லை. அந்த இடம்தான் பழைய சென்ட்ரல் கல்லூரி. அங்கே இதுவரை யார் படித்தார்கள், இனி யார் படிக்கப் போகிறார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோ ரெயிலில் எம்.ஜி.ரோடு பக்கம் போனால் அடுத்த நிலையம் சென்ட்ரல் கல்லூரி. அதற்கு சர் எம்.விசுவேசுவரய்யாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் நம்மவர்கள் இந்தப் பெயரைத் தினமும் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கல்லூரிக்கும் நமக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது.

சென்னையோடு இருந்த உறவு

1858-ம் ஆண்டு உயர்நிலைப் பள்ளியாகத் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம், 1875-ல் சென்ட்ரல் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. அன்று மைசூர் சமஸ்தானத்தில் பல்கலைக்கழகம் கிடையாது. ஆகவே இது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. பெங்களூரில் படித்த மாணவன் சென்னைப் பட்டதாரியாக வெளியே வந்தான். 1916-ல் மைசூர்ப் பல்கலைக்கழகம் ஏற்பட்ட பிறகே இந்த இணைப்பு முடிவுக்கு வந்தது.

ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, இந்தக் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் சட்டம் படிக்கச் சென்னைக்குப் போனார். திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன், கல்கத்தாவில் தாம் கண்டுபிடித்த 'ராமன் விளைவு' பற்றி 1928 மார்ச் 16-ந் தேதி விஞ்ஞானிகள் முன்னிலையில் விரிவாகச் சொற்பொழிவாற்றியதும் பெங்களூரில்தான். அந்தக் கூட்டத்தை நடத்தியவர்களில் சென்ட்ரல் கல்லூரியின் விஞ்ஞானக் கழகமும் உண்டு. பாரத ரத்னா விருது பெற்ற விஞ்ஞானி சி.என்.ஆர்.ராவும் இதன் பழைய மாணவரே.

பாடம் சொல்லிக் கொடுத்துப் படித்தவர்

பெரியவர்களின் பெயர்களைச் சொல்லிப் பெருமைப்படுவது சுலபம். அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

விசுவேசுவரய்யா இளம் வயதிலேயே தந்தையை இழந்தவர். பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்த வருமானத்தில் படித்து, 1881-ல் பி.ஏ. தேறினார். பிற்காலத்தில் மைசூர் திவானாக இருந்தபோது பெங்களூரில் என்ஜினீயரிங் கல்லூரி ஏற்படக் காரணமாக இருந்தவரும் அவரே.

எச்.நரசிம்மய்யாவின் வாழ்க்கையும் அப்படித்தான். கௌரிபிதனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்கு நடந்தே வந்து பள்ளியில் சேர்ந்த ஏழைப் பையன் அவர். சென்ட்ரல் கல்லூரியில் பௌதிகம் படித்துக் கொண்டிருந்தபோது 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வந்தது. படிப்பை விட்டுச் சிறை சென்றார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்தார். 1972-ல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

இந்த இருவருக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. கையில் பணம் இல்லை. கல்லூரியின் கதவு திறந்திருந்தது.

பிரிவுகளும் பெயர்களும்

1964-ல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் அமைந்தபோது சென்ட்ரல் கல்லூரியும் என்ஜினீயரிங் கல்லூரியும் அதன் அங்கமாயின. பின்னர் 1970-களில் நகருக்கு வெளியே ஞானபாரதி வளாகம் உருவாக, துறைகள் பல அங்கே போய்விட்டன. 2017-ல் பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிந்தபோது, சென்ட்ரல் கல்லூரி வளாகம் பெங்களூர் மத்தியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. பிறகு அது நகரப் பல்கலைக்கழகம் ஆயிற்று. இப்போது மூன்றாவது பெயர்.

மாணவனுக்கு இது சில்லறை விஷயம் அல்ல. சான்றிதழ்களைப் புரட்டும் வேலையில் இருக்கும் குமாஸ்தாக்களுக்குத் தெரியும்: ஓர் எழுத்து மாறினாலும் விளக்கம் கேட்டுக் கடிதம் போகும். மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், பட்டத்தில் வேறு பெயர் என்றால், வேலை கிடைத்த பையன் ஆபீஸ் ஆபீசாக அலைய நேரிடும். பெயர் மாற்ற உத்தரவின் நகல் ஒன்றை ஒவ்வொரு மாணவருக்கும் பட்டத்தோடு சேர்த்துக் கொடுத்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

ஆசிரியர் இல்லாத வகுப்பு

இதைவிடப் பெரிய பிரச்சினை வேறு. கர்நாடகத்தின் அரசுக் கல்லூரிகள் பெருமளவுக்குக் கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே நடக்கின்றன. அவர்கள் பணி நிரந்தரம் கோரி 2023-ம் ஆண்டின் இறுதியில் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். பணம் உள்ளவன் பிள்ளை தனியார் கல்லூரியிலும் டியூஷனிலும் ஈடுகட்டிக் கொள்வான். கூலிக்காரன் பிள்ளைக்கு வகுப்பு நடக்காத நாள் நடக்காத நாள்தான்.

முந்தைய ஆட்சியில் தொடங்கிய 9 புதிய பல்கலைக்கழகங்களை நிதி நெருக்கடியால் மூடிவிடலாம் என்று மந்திரிசபைத் துணைக்குழு 2025 பிப்ரவரியில் கருத்துத் தெரிவித்தது. அடுத்த மாதமே, நகரப் பல்கலைக்கழகம் மாதிரிப் பல்கலைக்கழகமாக வளர்க்கப்படும் என்றும், அரசு கலைக் கல்லூரியும் ஆர்.சி. கல்லூரியும் அதன் அங்கமாகும் என்றும் பட்ஜெட்டில் சொல்லப்பட்டது. மற்றவற்றுக்குப் பணம் இல்லை என்ற அரசு, இதற்குத் தேவையான பணத்தையும் ஆசிரியர்களையும் கொடுக்குமா என்று கேட்பதில் தவறில்லை.

அரசு செய்த ஒரு காரியத்தைப் பாராட்ட வேண்டும். நான்கு ஆண்டு பட்டப் படிப்பை 2024-ல் கைவிட்டு, பழையபடி மூன்று ஆண்டு ஆக்கியது. ஒரு வருடம் முன்னதாகச் சம்பளம் வீட்டுக்கு வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் குடும்பங்களில் பி.யு.சி. முடித்த பையனைக் கம்பெனிக்கோ, வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போகும் வேலைக்கோ அனுப்பிவிடுவது வழக்கமாகி வருகிறது. கையில் உடனே காசு வருகிறது, உண்மைதான். ஆனால் அரசுக் கல்லூரி என்ற வழி இன்னும் அடைபடவில்லை. விண்ணப்பக் காலத்தில் விசாரித்து, உதவித் தொகைக்கும் மனுப் போட்டு, பெற்றோர் ஒரு முயற்சி செய்து பார்க்க வேண்டும்.

மன்மோகன் சிங்கும் மின்சாரம் இல்லாத கிராமத்தில் பிறந்து, உதவித் தொகையில் வெளிநாடு சென்று படித்தவரே. அவர் பெயரைத் தாங்கும் இடத்தில் இன்னொரு ஏழைப் பையன் அதே போல் படித்து முன்னேற முடிந்தால், அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை. அரசு இதைக் கவனிக்குமா?