மேலேயிருந்து பார்த்தா வெத்தலை தெரியுமா?

எங்க ஆபீஸ்ல பக்கத்து மேசை தாதாவுக்கு ஒரு அசைக்க முடியாத நம்பிக்கை. அமெரிக்காக்காரன் நினைச்சா, இங்கே அலிப்பூர்ல அவர் குடிக்கிற மண்குவளை டீயில ஈ விழுந்திருக்கான்னு விண்வெளியிலிருந்தே பார்த்துடுவானாம். வண்டி நம்பர் பிளேட்டையும் படிச்சுடுவானாம். போன வாரம் சாப்பாட்டு நேரத்துல மறுபடி ஆரம்பிச்சுட்டார். நான் வெறும் பி.காம். ஆனா கணக்குன்னு வந்துட்டா விடமாட்டேன் :-)

சரி, கணக்கைப் பார்ப்போம். சோதனைக்குன்னு இல்லாம, நடைமுறைப் பயன்பாட்டுக்குன்னே நம்ம நாடு அனுப்பின முதல் தொலையுணர்வு செயற்கைக்கோள் ஐ.ஆர்.எஸ்-1ஏ. 1988ல சோவியத் ராக்கெட்டில் போச்சு. அதுக்குத் தெரிந்த மிகச் சிறிய புள்ளி 36 மீட்டர். அதாவது ஒரே புள்ளிக்குள்ள 32 சென்ட் நிலம் அடங்கிடும். 2019 நவம்பரில் போன கார்ட்டோசாட்-3க்கு அதே புள்ளி 25 சென்டிமீட்டர். அசுர வளர்ச்சிதான். ஆனாலும் மேலேயிருந்து பார்த்தா உங்க தலை ஒரு புள்ளி தேறும், தோளோட சேர்த்தா ரெண்டு. நீங்க ஆணா பெண்ணான்னுகூடத் தெரியாது.

கார் நம்பர் பிளேட் அரை மீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் உயரம். நீளவாக்கில் ரெண்டு புள்ளி. அதுவும் அது நிமிர்ந்து நிக்கிற தகடு, உச்சியிலிருந்து பார்த்தா விளிம்புதான் தெரியும். உளவு செயற்கைக்கோள் வேற ஜாதி என்பார் தாதா. இருக்கட்டும். ஹப்பிள் தொலைநோக்கி அளவுக்கு, 2.4 மீட்டர் கண்ணாடியோட 250 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும், ஒளியோட இயல்பே ஆறு சென்டிமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட விடாது. சினிமாவில் வர்ற மாதிரி ஒரே ஆளை மணிக்கணக்கா துரத்தவும் முடியாது. நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல ஓடுற பொருள், நம்ம தலைக்கு மேல சில நிமிஷம்தான் இருக்கும்.

அதுக்காகக் கவலையே வேண்டாம்னு சொல்லலை. 2005 அக்டோபரில் குடியரசுத் தலைவரா இருந்த அப்துல் கலாம், ஹைதராபாத்தில் போலீஸ் அதிகாரிகள் மத்தியில் கூகுள் எர்த் படங்களைப் பற்றிக் கவலைப்பட்டுப் பேசினார். நாட்டுப் பாதுகாப்பைப் பற்றிய நியாயமான கவலை அது. என் கவலை வேற: இந்தக் கண்ணுக்கு எல்லாம் தெரியும்னு நம்பிக்கிட்டு, நாம நம்ம கண்ணை மூடிக்கிறது. ஏன் சொல்றேன்னா, நானே அந்தத் தப்பைப் பண்ணியிருக்கேன்.

2020 மே 20 அம்ஃபான் புயல். அது வர்றதை அலிப்பூர் வானிலை அலுவலகம் பல நாள் முன்னாடியே சொல்லிடுச்சு. அதுக்கு உதவிய இன்சாட் படங்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வர்றவை, ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர். அந்த வேலைக்கு அது தாராளம். புயல் காக்த்வீப் பக்கம் வெற்றிலைத் தோட்டங்களைச் சாய்த்துவிட்டுப் போச்சு. அந்த வருஷக் கடைசியில், தோட்டத்தை மறுபடி கட்டக் கடன் கேட்டு ஒரு பெரியவரோட விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. நான் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பார்த்தேன். கூரை ஒழுங்கா இருந்தது. "சேதம் தெரியவில்லை, விளக்கம் கேட்கவும்"னு குறிப்பு எழுதினேன். ஃபைல் ஆறு வாரம் அலைஞ்சது.

அப்புறம் நேரில் போனேன். "ஏஷே தேகுன், பாபு"ன்னு கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போனார். பாதித் தோட்டம் மூங்கிலோட தரையில் கிடந்தது. மீதிப் பாதியை வெளியே வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தார், நாங்கள் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஆறு வாரத்தில். திரும்பி வந்து படத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். புயலுக்கு மூணு மாசம் முந்திய படம்!

புதுப் படமாவே இருந்தாலும் என்ன தெரிஞ்சிருக்கும்? வங்காளத்தில் வெற்றிலைத் தோட்டத்தை மேலேயும் பக்கத்திலும் மூடித்தான் வளர்ப்பார்கள். பொரோஜ்னு பேரு. மேலேயிருந்து பார்த்தா கூரைதான். அதுக்குக் கீழே இருக்கிற கொடியும் தெரியாது, கடனும் தெரியாது. நானோ சோழவந்தான்காரன். அகத்தி நிழலில் கொடிக்காலுக்குள்ள ஓடி விளையாடி வளர்ந்தவன். எனக்கே இது உறைக்கலை.

இப்போ 2023லிருந்து பயிர்க் காப்பீட்டில் நெல், கோதுமை விளைச்சலை மதிப்பிடவும் செயற்கைக்கோள் படங்களைச் சேர்த்திருக்காங்க. நல்ல விஷயம்தான். ஆயிரம் கிராமத்தை ஒரே பார்வையில் அளக்க வேற வழி இல்லை. ஆனா எனக்கு ரெண்டே கோரிக்கை. படம் எடுத்த தேதியை ஃபைலில் எழுதணும். படத்தை வைத்து ஒருத்தருக்கு "இல்லை" சொல்றதுக்கு முன்னாடி ஒரு மனுஷன் நேரில் போய்ப் பார்க்கணும். பஸ் டிக்கெட் செலவுதானே?

பி.கு: இதையெல்லாம் எழுதிட்டு, தங்கமணியோட உட்கார்ந்து சோழவந்தான் வீட்டைத் தேடினேன். மொட்டை மாடி, தண்ணித் தொட்டி எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சது. அம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமையா சொன்னேன். "நான் வாசல்ல நிக்கிறது தெரியுதாப்பா?"ன்னு கேட்டாங்க.

பொங்கலுக்கு லீவு போட்டுட்டேன்.